ஸ்கேனில் தெரியாத வலி – கடிதம்

அன்புள்ள அக்கா,

தலைவலியால் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் இருட்டறையில் படுத்துக்கிடந்ததை ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆசிரியை, வயது 36. கல்லூரி நாட்களிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அப்போது மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும். இரண்டு வருடமாக வாரத்தில் நான்கு நாள். கண் டெஸ்ட், சைனஸ், எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்தாயிற்று. “ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைங்கம்மா” என்கிறார்கள். வலிக்கிற நாளில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததிலிருந்து வீட்டில் யாரும் என்னை நம்புவதில்லை. இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால் இந்த வலி எங்கேதான் இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் ஸ்கேன் நார்மல் என்று சொன்ன அன்று, மகிழ்வதற்குப் பதில் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவள் நான்.

ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு இருந்தால் தெரியும். ஒற்றைத் தலைவலியோ மூளையும் நரம்பும் வேலை செய்யும் விதத்தில் இருக்கும் நோய். முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தருகிற ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள் மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளிலும் பரவியிருக்கின்றன. வலி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த நரம்பு முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளிவிடும். ரத்தக்குழாய் விரியும், வலிப்பாதை முழுக்கக் கூர்மையாகிவிடும். படியேறினால் தலை தெறிப்பதும், குழல்விளக்கு ஊசியாய்க் குத்துவதும், தாளிக்கிற வாசனைக்குக் குமட்டுவதும் அதனால்தான். இதைத் துலக்கிய எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஒலெசன் நால்வருக்கும் 2021இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பிரைஸ்’ கிடைத்தது. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் வந்துவிட்டன. இல்லாத வலிக்கா மருந்து கண்டுபிடிப்பார்கள்?

உங்களுடையதற்குப் பெயரும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ கூடவோ தலைவலி இருந்து, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணம் காட்டினால் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. வாரம் நான்கு நாள் என்றால் மாதம் பதினேழு வருகிறது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். வலிக்கிற நாளெல்லாம் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன மாத்திரை? சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையையோ ஒற்றைத் தலைவலிக்கென்றே தருகிற ட்ரிப்டான் வகையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். எனக்கு அதுதான் நடந்தது. கைப்பையில் ஒரு அட்டை, அலுவலக மேஜையில் ஒரு அட்டை, தலையணைக்கடியில் ஒரு அட்டை. வலி கூடியதால் மாத்திரை கூடியது என்று நினைத்திருந்தேன். மாத்திரையாலும் வலி கூடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம். நீங்களாக நிறுத்தாதீர்கள், நரம்பியல் மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும்.

வந்த வலிக்குப் போடுகிற மருந்து வேறு, வராமலிருக்க தினமும் போடுகிற மருந்து வேறு. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் எல்லாம் இரண்டாவது வகை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பத்தாம் நாளே கேட்கவில்லை என்று விட்டுவிடக்கூடாது. ஆஸ்துமா இருந்தாலும், குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஆகாது.

எதனால் வருகிறது என்று தேடுவதில் நான் வருடங்களை வீணாக்கினேன். இனிப்பு தின்றால் வருகிறது என்று இனிப்பை விட்டேன். வலி தொடங்குவதற்கு முந்தின நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் வரலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. இனிப்பு காரணமில்லை, நோய் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. ஆனால் தலைக்குக் குளித்தால் வருகிறது என்று நம் பெண்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர், அப்படிச் சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார். எனக்கும் அது உண்டு. ஈரத்தலையோடு விரதமும் சேர்ந்தால் அன்று படுக்கைதான். பட்டினியும் தூக்கம் கெடுவதும் மாதவிலக்கும் பலருக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. இதுவரை அறியாத வலி இடிபோல் சட்டென்று இறங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் செயலிழந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டாரை நம்பவைக்க வலிக்கிற நேரத்தில் வாதாடாதீர்கள். வலி இல்லாத ஒரு மாலையில் கணவரை உட்காரவைத்து இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அடுத்த முறை அவரும் வரட்டும்.

இன்று இரவே ஒரு காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள். வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். மூன்று மாதம் கழித்து வட்டங்கள் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். வலி இருக்கிற நாளில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா