டிரைவர் எழுதியாச்சு, எந்த டைரக்டரியில் வைப்பது?

லினக்ஸின் மைய நிரலான கெர்னலில், ஒரு வன்பொருளை இயக்கும் புது டிரைவருக்கு இடம் தேடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: அண்ணா, ஐ2சி (சிப்புகளை இரண்டு வயரில் இணைக்கும் பஸ்) வழியாக வரும் வெப்பநிலை சென்சார் ஒன்றுக்கு டிரைவர் எழுதி 'டிரைவர்ஸ்/ஐ2சி'க்குள் வைத்து அனுப்பினேன். தப்பான இடம் என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ஐ2சி சிப்பை வேறு எங்கே வைப்பது?

முதல் டிரைவரில் பலரும் விழும் குழிதான் தம்பி. அந்த டைரக்டரி ஐ2சி கன்ட்ரோலர்களுக்கு, அதாவது அந்த வயரை ஓட்டுகிற வன்பொருளுக்கு. மறுமுனையில் தொங்கும் சிப் அங்கே சேராது. பஸ்ஸில் வந்து இறங்கியவரை டெப்போவிலேயே குடி வைப்பதில்லையே! சிப் எந்த வழியாக வருகிறது என்பதை விடுங்கள், பயனர் நிரலுக்கு அது என்னவாகத் தெரியப்போகிறது என்று பாருங்கள். தொடுதிரை 'இன்புட்'டுக்குப் போகும், கடிகாரம் 'ஆர்டிசி'க்கு. ஒலிச் சிப் 'டிரைவர்ஸ்' பக்கமே வராது. 'சவுண்ட்' தனி வீடு.

கே: அதே சென்சார்தான் அண்ணா. ஹெச்டபிள்யூமான், ஐஐஓ என்ற இரண்டு டைரக்டரிகளிலும் வெப்பநிலை சென்சார் இருக்கிறதே?

ஹெச்டபிள்யூமான் என்பது இயந்திரம் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ள. போர்டின் சூடு, ஃபேனின் வேகம், மின்னழுத்தம், வரம்பு மீறினால் எச்சரிக்கை. மெதுவாகப் படித்தால் போதும். எல்எம்75 என்ற வெப்பநிலை சென்சார் அங்கேதான் இருக்கிறது. மதிப்பு மில்லி டிகிரியில் வரும்: 45 டிகிரி செல்சியஸ் என்றால் 45000.

ஐஐஓ வெளியுலகை அளப்பதற்கு. முடுக்கமானி, ஒளி சென்சார், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது) எல்லாம் அங்கே. வேகமாக மாதிரி எடுக்க, அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் பஃபர், எப்போது அளப்பது என்று சொல்லும் டிரிகர் வசதிகளும் உண்டு. பிஎம்பி280 வெப்பநிலையும் அளக்கும், ஆனாலும் காற்றழுத்த சென்சார் என்பதால் ஐஐஓவில் இருக்கிறது.

எல்லைக்கோடு எப்போதும் நேராக இருக்காது. டிஹெச்டி11, எஸ்ஹெச்டி3எக்ஸ் இரண்டுமே ஈரப்பதம் அளப்பவை. முன்னது ஐஐஓவில், பின்னது ஹெச்டபிள்யூமானில். இதில் தர்க்கம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் பொருந்தும் என்று பட்டால் நான் ஐஐஓ பக்கம் சாய்வேன். ஐஐஓ அளவீட்டை ஹெச்டபிள்யூமானில் காட்ட ஒரு பாலம் டிரைவர் ஏற்கெனவே கெர்னலில் இருக்கிறது. உங்கள் சிப் போர்டின் சூட்டை மட்டும் பார்ப்பதென்றால் யோசிக்கவே வேண்டாம், ஹெச்டபிள்யூமான்தான்.

கே: எங்கள் பவர் சிப்பில் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைப்பது), பேட்டரி, ஏடிசி, பவர் பட்டன் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. ஒரே ஃபைலாக எழுதி வைத்திருக்கிறேன்.

உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆல்வின்னர் போர்டுகளில் வரும் ஏஎக்ஸ்பி209 பவர் சிப்பின் டிரைவரைத் திறந்து பாருங்கள். ரெஜிஸ்டர் அணுகல், இன்டரப்ட் (சிப் கவனம் கேட்டு அனுப்பும் சைகை) போன்ற பொதுப் பங்கு மட்டும், பல வேலை செய்யும் சிப்புகளுக்கான 'எம்எஃப்டி'யில். ரெகுலேட்டர் 'ரெகுலேட்டர்'இல், பேட்டரி 'பவர்/சப்ளை'யில், ஏடிசி 'ஐஐஓ'வில், பட்டன் 'இன்புட்'டில். கூட்டுக் குடும்பத்தைப் பிரிப்பது போலத் தோன்றும், எரிச்சலும் வரும். ஆனால் பேட்டரி பற்றித் தெரிந்தவர் பேட்டரிப் பகுதியைப் படிப்பார், ரெகுலேட்டர் தெரிந்தவர் அதைப் படிப்பார். ஒரே ஃபைலாக 'எம்எஃப்டி'க்கு அனுப்பினால் மெயின்டெய்னர், அதாவது அந்தப் பகுதியின் பொறுப்பாளர், திருப்பி அனுப்பிவிடுவார்.

கே: எதிலும் பொருந்தாவிட்டால், இதர டிரைவர்களுக்கான 'மிஸ்க்' இருக்கிறதே சார்?

இருக்கிறது. ஆனால் அது கடைசிக் கதவு. ஹபானா லேப்ஸின் ஏஐ சிப்புக்கான டிரைவர் 2019-இல் அங்கேதான் நுழைந்தது, அந்த வகைக்கு அப்போது தனி இடம் இல்லை. பிறகு 'ஆக்செல்' என்ற துணை அமைப்பு உருவாகி, 2023-இல் டிரைவர் அங்கே குடிபெயர்ந்தது. ஃபைலை நகர்த்த ஒரு ஜிட் கட்டளை போதும். வலி எங்கே என்றால், 'மிஸ்க்'கில் உங்கள் இஷ்டத்துக்கு ஓர் ஐஆக்டல் இடைமுகம் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) செய்து வைத்திருப்பீர்கள். பயனர் நிரல்கள் அதை நம்பத் தொடங்கிய பின் மாற்றினால், பழைய நிரலை உடைக்கக்கூடாது என்ற கெர்னல் விதி குறுக்கே நிற்கும்.

கே: 'ஸ்டேஜிங்'?

அது இடமே அல்ல, காத்திருப்பு அறை. குறியீடு இன்னும் தேறவில்லை என்று பொருள். தேறிய பிறகு எங்கே போகும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கே: வழி முக்கியமில்லை என்கிறீர்கள். சிஹெச்341 யுஎஸ்பி-சீரியல் டிரைவர் ஏன் 'யுஎஸ்பி/சீரியல்'இல் இருக்கிறது?

நல்ல பிடி! யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் 'நெட்/யுஎஸ்பி'யில் இருக்கும்போது சீரியல் மட்டும் யுஎஸ்பிக்குள் இருப்பது முரண்தான். அந்த டிரைவர்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பொது அடுக்கு அங்கே இருப்பதால் கூடவே இருக்கின்றன. பொதுக் குறியீடு எங்கேயோ பிள்ளைகளும் அங்கே. என் விதியை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு போர்டு, எஸ்பிஐ (ஐ2சி போல இன்னொரு பஸ்) வழியாக நொடிக்கு ஒரு முறை படித்தால் போதும். கெர்னல் டிரைவர் வேண்டுமா?

வேண்டாம். எஸ்பிஐ சிப்பைப் பயனர் நிரல் நேரடியாக அணுகக் கெர்னல் தரும் ஸ்பைடெவ் வழியாகப் பயனர் நிரலிலேயே முடித்துவிடுங்கள். கெர்னலின் வேறொரு பகுதிக்கு அந்தச் சிப் தேவைப்பட்டாலோ, இன்டரப்டுக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருந்தாலோ மறுபடி வாருங்கள்.

கே: இவ்வளவுக்குப் பிறகும் குழப்பமாக இருந்தால்?

உங்கள் சிப்புக்கு மிக நெருங்கிய ஒரு டிரைவரைக் கண்டுபிடித்து, அந்த ஃபைலை கெர்னலோடு வரும் 'கெட்-மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். யாருக்கு எழுதுவது என்று அதுவே சொல்லும். சிப் என்ன செய்கிறது, எங்கே வைக்க நினைக்கிறீர்கள், இவ்வளவுதான் மெயில். குறியீடு எழுதும் முன்பே அனுப்புங்கள்.