ஊரில் உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இங்கிலாந்துக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது, ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசா, மனைவியும் வேலைக்குப் போகிறார், மாமனார் வீட்டிலிருந்தும் பணம் வரும், வாடகை கொடுத்து அலுத்துவிட்டது. வீடு வாங்க முடியுமா, சட்டத்திலும் பணத்திலும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வாங்கலாம். வெளிநாட்டுக் குடிமக்கள் வீடு வாங்க இங்கே தடை கிடையாது. ஆனால் எல்லோரும் டெபாசிட் (கையிலிருந்து போடும் முன்பணம்), வட்டி என்று ஆரம்பிப்பார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன். ஊரில் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வீடு இருக்கிறதா?

நான் இங்கே மில்டன் கீன்ஸ் நகரில் 2018இல் வீடு வாங்கினேன். சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல், அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: "உலகில் எங்காவது உங்களுக்குக் குடியிருப்பு வீடு சொந்தமாக உண்டா?" யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அப்பா அம்மா இருக்கும் வீடு அப்பாவுடையது என்றுதான் மனசில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசும்போது, "வீட்டு வரி ரசீது உன் பேருக்கு வந்திருக்கு, எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். அப்போதுதான் உறைத்தது. சில வருஷங்களுக்கு முன் லீவில் போயிருந்தபோது அப்பா எனக்கு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி வைத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, மதியத்துக்குள் வீடு திரும்பினோம். அதோடு மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் சொலிசிட்டரை அழைத்துச் சொன்னேன். வரி ஏறியது. வாங்கிய பிறகு தெரிந்திருந்தால் வரியோடு அபராதமும் வட்டியும் சேர்ந்து வந்திருக்கும் என்றார்.

இப்போதைய கணக்கைச் சொல்கிறேன். வீடு வாங்கும்போது கட்டுவது ஸ்டாம்ப் டியூட்டி. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கும் மேல் 9,25,000 வரை 5 சதவீதம். முதல்முறை வாங்குபவருக்குச் சலுகை உண்டு: 3,00,000 வரை வரியே இல்லை, அதிலிருந்து 5,00,000 வரை 5 சதவீதம். வீட்டு விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகை கிடையாது. இங்கே 'முதல்முறை' என்றால் இங்கிலாந்தில் முதல்முறை அல்ல, உலகத்திலேயே முதல்முறை. வாரிசாக வந்த வீடும், அன்பளிப்பாக வந்த வீடும் கணக்கில் வரும். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இரண்டு பேருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும்.

இன்னொரு படியும் உண்டு. இங்கே வாங்குவது உங்களுக்கு இரண்டாவது வீடாக ஆனால் முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம். நான் வாங்கியபோது அது 3 சதவீதம், 2024 அக்டோபர் 31 முதல் 5 ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டு வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் அது கணக்கில் சேரும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இதில் ஒரே ஆளாகப் பார்ப்பார்கள். மனைவி பெயரில் சென்னையில் ஒரு ஃபிளாட் இருந்து, இங்கே நீங்கள் மட்டும் வாங்கினாலும் இந்தக் கூடுதல் வரி வரும்.

3,20,000 பவுண்டு வீடு என்று வையுங்கள். முதல்முறை என்றால் வரி 1,000 பவுண்டு. சலுகை இல்லாவிட்டால் 6,000. கூடுதல் வரியும் சேர்ந்தால் 22,000. டெபாசிட்டுக்காக வருஷக்கணக்கில் சேர்த்த பணம் இந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடும். வயலும் வெறும் மனையும் இதில் வராது, குடியிருக்கும் வீடுதான் கேள்வி. பங்கு எவ்வளவு, எப்படி வந்தது என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். அதனால் பத்திரத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை சொலிசிட்டரிடம் காட்டுங்கள். வரி தவிர்க்கலாம் என்று அவசரமாகப் பத்திரத்தை வேறு பெயருக்கு மாற்றாதீர்கள். அப்படிச் செய்தாலும், ஒருமுறை வீடு வைத்திருந்தவர் மறுபடி 'முதல்முறை' ஆக முடியாது.

அப்புறம் ஊரிலிருந்து வரும் பணம். அப்பா டெபாசிட்டுக்குக் கொடுக்கிறார் என்றால், அது கடன் அல்ல, வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தை சொலிசிட்டரும் வங்கியும் கேட்பார்கள். அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கும் சான்று கேட்பார்கள். கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அது, உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பேரிடம் கைமாற்றாக வாங்கிச் சேர்த்த பணத்துக்கோ, சீட்டு எடுத்த பணத்துக்கோ காகிதம் காட்டுவது சிரமம். ஊர்ப் பணம் வங்கி வழியாக மட்டும் வரட்டும், அதுவும் வீடு தேட ஆரம்பிப்பதற்கு முன்பே வரட்டும்.

மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் விஷயத்தில், விசாவில் இருப்பவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை: வந்து இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டும், விசாவில் இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், டெபாசிட் அதிகம் வேண்டும் என்று. அதனால் ஒரே வங்கியில் போய் நிற்காமல், பல வங்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் புரோக்கரிடம் போங்கள். பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல நாலரை மடங்கு வரை கிடைக்கும். நம் ஆட்களில் நிறைய பேர் தவறவிடுவது வாக்காளர் பட்டியல். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே விசாவில் வசிக்கும்போதே வாக்காளராகப் பதியலாம், ஓட்டும் போடலாம். பட்டியலில் பெயர் இருந்தால் உங்கள் முகவரி உறுதியாகிறது, வங்கிகள் கடன் கொடுக்கும் முன் பார்க்கும் கிரெடிட் ஸ்கோருக்கும் அது நல்லது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இனி சட்டம். ஊரில் அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் எழுதினால் இரு தரப்பும் கட்டுப்பட்டதாக நினைப்போம். இங்கே உங்கள் விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சட்டத்தில் எந்தப் பிடியும் இல்லை. எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பு ஒப்பந்தமும் கைமாறும் நாள் வரை யாரும் விலகலாம். நாங்கள் முதலில் பார்த்த வீட்டில் சர்வே, அதாவது கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் வேலையை முடித்து, சொலிசிட்டருக்கும் பணம் கட்டி, மூன்று மாதம் கழித்து விற்பவர் வேறொருவரிடம் அதிக விலைக்குப் பேசிவிட்டார். செலவழித்தது திரும்பவில்லை. மனைவி அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரை அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தார். எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு நிலைமை நேர்மாறு. பொதுவாக விலையில் 10 சதவீதம் அன்று கைமாறும், நீங்கள் விலகினால் அது போய்விடும். வீட்டுக் கட்டடக் காப்பீடும் அன்றிலிருந்தே வேண்டும், சாவி வாங்கும் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

வில்லங்கச் சான்று பார்ப்பதை ஒத்த வேலையை இங்கே சொலிசிட்டர் செய்வார்: லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவு, கவுன்சில் விவரங்கள், தண்ணீர், சாக்கடை, வெள்ள அபாயம். ஆனால் சுவரையும் கூரையையும் அவர் பார்க்க மாட்டார். வங்கி செய்யும் வேல்யூவேஷன் என்ற விலை மதிப்பீடும் வங்கிக்காகத்தான், உங்களுக்காக அல்ல. சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். சாதாரண வீட்டுக்கு லெவல் 2 சர்வே போதும், பழைய வீடென்றால் இன்னும் விரிவான லெவல் 3. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் சர்வேயர் சோபாவை நகர்த்தச் சொல்லி, பின்சுவரில் ஒரு சின்னக் கருவியின் இரண்டு ஊசிகளை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. புதுப் பெயின்டுக்கு அடியில் ஓதம். அந்த அறிக்கையைக் காட்டித்தான் விலையைக் குறைத்துப் பேசினோம்.

ஃபிளாட் பார்க்கிறீர்கள் என்றால் அது பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். நிலம் வேறொருவருடையது, உங்களுக்குக் குத்தகைக் காலம் மட்டும் சொந்தம். அது 80 வருஷத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு வெகுவாக ஏறும், விற்பதும் கஷ்டம். சர்வீஸ் சார்ஜ் என்ற பராமரிப்புக் கட்டணம் வருஷாவருஷம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று கடந்த மூன்று வருஷக் கணக்கைக் கேளுங்கள். உயரமான கட்டடமென்றால் வெளிச்சுவரில் பதிக்கும் பலகை (கிளாடிங்) பற்றியும் கேளுங்கள். லண்டனில் அந்தப் பலகை வழியாகத் தீ பரவிய 2017 கிரென்ஃபெல் அடுக்குமாடி விபத்துக்குப் பிறகு அதற்கான சான்று இல்லாமல் கடன் மறுக்கப்பட்டவர்கள் நிறைய. இவ்வளவும் இங்கிலாந்துக்குத்தான். ஸ்காட்லாந்துக்குப் போனால் நடைமுறையும் வரியும் வேறு.

இரண்டு பேர் பெயரில் எழுதும்போது 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' வேண்டுமா, 'டெனன்ட்ஸ் இன் காமன்' வேண்டுமா என்று கேட்பார்கள். முதலாவதில் ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரும். இரண்டாவதில் அவரவர் பங்கு தனி, அது உயில்படி போகும். மாமனார் வீட்டுப் பணமும் இதில் இருக்கிறது என்றீர்களே, இதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசிய பிறகு டிக் செய்யுங்கள்.

கடைசியாகப் பணம் அனுப்பும் நாள். சொலிசிட்டரின் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக ஈமெயில் வந்தால் நம்பாதீர்கள். ஈமெயிலை ஊடுருவி இப்படி முழு டெபாசிட்டையும் பறிக்கும் கூட்டம் உண்டு. முதல் சந்திப்பிலேயே கணக்கு எண்ணைத் தாளில் வாங்கி வையுங்கள். அனுப்பும் முன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். முதலில் ஒரு பவுண்டு அனுப்பி, வந்தது என்று அவர் வாயால் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.