மேலூரில் ஆர்க்கிட் பூக்குமா? – கடிதம்

வணக்கம் சார்,

மொட்டை மாடியில் முப்பது வருடமாக ஆர்க்கிட் வளர்ப்பதாகப் போகிறபோக்கில் ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். நாலு வருடம் முன்பு கொடைக்கானலில் நானும் ஒன்று வாங்கி வந்தேன். கோரை மாதிரி நீள நீளமாக இலை விடுகிறது, பூ மட்டும் இல்லை. “புல்லுருவியைக் காசு கொடுத்து வாங்கின மனுஷன்” என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நம்ம பக்கம் இதெல்லாம் ஆகாதா? உங்களுக்கு எப்படி இத்தனை வருடம் சலிக்காமல் இருக்கிறது?

ஆர்., மேலூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் மாமியார் வழக்கை முடிப்போம். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மரத்தில் வளரும் ஆர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழையும், காற்றின் ஈரமும், பட்டையிடுக்கில் மட்கும் சருகும்தான் அதற்குச் சாப்பாடு. ஆனாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாண்டா என்ற ஆர்க்கிட் இனத்தின் பெயரே புல்லுருவி போன்ற செடிகளைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நீங்கள் சொல்லும் இலையை வைத்துப் பார்த்தால் உங்களுடையது சிம்பிடியம். மலைச்செடி. மொட்டுக் கட்ட அதற்கு 10, 15 டிகிரி இரவுக் குளிர் வேண்டும். மேலூரில் மார்கழியில்கூட அது வாய்க்காது. நாலு வருடம் சாகாமல் வைத்திருக்கிறீர்களே, அது உங்கள் கைராசி. என் முதல் சிம்பிடியம் ஒரே கத்திரியில் போய்ச் சேர்ந்தது. சுற்றி ஈரச்சாக்கு கட்டினேன், டேபிள் ஃபேன் வைத்தேன், ஐஸ்கட்டி வாங்கிப் பக்கெட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அப்புறமும் புத்தி வராமல் இன்னும் இரண்டு வாங்கிக் கொன்றேன்.

புத்தி வந்தது ஒரு மாங்கிளையால். நத்தம் பக்கம் ஒரு தோப்பில் ஆடிக்காற்றில் முறிந்த கிளையை விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் வார்ப்பட்டை போன்ற தடித்த இலைகளோடு ஒரு செடி, வாண்டா டெஸ்ஸலேட்டா. நம் வறண்ட காட்டு மரங்களிலேயே வளர்கிற நாட்டு ஆர்க்கிட். கிளைத் துண்டோடு கேட்டு வாங்கி வந்து, வேப்பமர நிழல் விழுகிற இடத்தில் கம்பியில் கட்டிவிட்டேன். இரண்டாம் வருடம் பூத்தது. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், பழைய கைலியில் வருமே அந்தக் கட்டம். நடுவில் நாக்கு மட்டும் ஊதா. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் நல்ல வாசம்.

சலிப்பு பற்றிக் கேட்டீர்கள். பூ வருடத்தில் சில வாரம். வேர் தினமும் உண்டு. வாண்டாவின் வேர் அந்தரத்தில் தொங்கும். அதன் மேல் பஞ்சு போல ஓர் உறை. காய்ந்திருக்கும்போது வெள்ளிக்கம்பி மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டதும் உறை ஊறி, உள்ளே இருக்கும் பச்சை தெரிய ஆரம்பிக்கும். தெளித்த துளி ஓடுகிற வழியே பச்சைக்கோடு ஓடுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். காலை ஆறரைக்கு நான் மாடி ஏறுவது இதற்காகத்தான். காபி ஆறிப்போகிறது என்று கீழேயிருந்து சத்தம் வரும்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். நர்சரியில் டென்ட்ரோபியம் ஒன்று வாங்குங்கள், நம் சூட்டைத் தாங்கும். மண் வேண்டாம், அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச்சில்லும் போதும். மேலே 50 சதவீத நிழல்வலை. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் வேர்நுனி கருகிவிடும், ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுச்செடி ஆசையில் அழகர்மலைப் பக்கம் போய் எதையும் பிடுங்கிவிடாதீர்கள். காட்டில் எடுப்பது குற்றம்.

சிம்பிடியத்தைக் கொடைக்கானலில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பூத்ததும் போட்டோ அனுப்பச் சொல்லி மாமியாரிடம் காட்டுங்கள்.