தகிட தகிட… கால் ஏன் நிக்க மாட்டேங்குது?

கேள்வி: அண்ணே, தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு, காவடிச்சிந்து மெட்டு இன்னும் மண்டைய விட்டுப் போகல. எம்ஆர்டி ரயில்ல உக்காந்திருக்கறப்பவே எங்கயாவது எறங்கி நடக்கணும் போல இருக்கு. கச்சேரி கேட்டா இப்படி ஆகறதில்ல, நாட்டுப்புற மெட்டுக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, உங்களுக்கு ஒண்ணும் ஆகல, அந்தப் பாட்டு அதோட வேலையப் பாத்திருக்கு, அவ்வளவுதான். கச்சேரி உக்காந்து கேக்கறவங்களுக்கு, காவடிச்சிந்து தோள்ல காவடியோட நடக்கறவனுக்கு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1891ல சின்ன வயசுலயே போயிட்டார், பாவம்) கழுகுமலை முருகன் மேல பாடுனதெல்லாம் ஊத்துமலை ஜமீன்தார் காவடி எடுத்துப் போனப்ப வழியில பாடறதுக்குன்னுதான் சொல்வாங்க.

ஒண்ணு செய்ங்க. ராத்திரி புளோக் காரிடார்ல ஆள் இல்லாதப்போ அந்த மெட்டோட தாளத்த தகிட தகிடன்னு சொல்லிக்கிட்டே அடிக்கு ஒரு எழுத்தா நடந்து பாருங்க, முத 'த' இடது கால்ல விழுந்தா அடுத்த 'த' வலது கால்ல விழும், திரும்ப இடது, திரும்ப வலது. தாளம் மூணு, நமக்கு இருக்கறது ரெண்டு காலு, அழுத்தம் ஒரு கால்ல உக்காரவே உக்காராது. நாலு நாலா எண்ணுங்க, எப்பவும் அதே கால்தான், தேசிய சேவைல ராணுவப் பயிற்சிக்கு லெஃப்ட் ரைட் போட்ட மாதிரி ஆயிடும்.

உறுமி மேளம் இன்னும் மோசம். ஒரு பக்கம் குச்சியால அடிப்பாங்க, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சிய தோல்ல அழுத்தி தேய்ப்பாங்க, அந்த முனகல் எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னே பிடிபடாது. பூம்பூம் மாட்டுக்காரர் கையில தெருத்தெருவா சுத்துன வாத்தியம்ல அது.

வழிநடைச்சிந்துன்னே ஒரு வகை இருக்கு, போற வழியில வர்ற ஊரு, ஆறு, சத்திரம்னு கூட வர்றவகிட்ட காட்டிக்கிட்டே போற பாட்டு. நம்ம சிங்கப்பூர்லயே 1893ல ரங்கசாமி தாசன்னு ஒருத்தர் குதிரைப்பந்தயத்துக்கு லாவணிப் பாட்டு போட்டு அச்சடிச்சிருக்கார். மராட்டியர்கூட தஞ்சாவூர் வந்த லாவணி அங்கேருந்து கப்பலேறி இங்க வந்து பந்தயக்குதிரைய பாடிருக்குன்னா அதுக்கு எவ்ளோ ஊர்சுத்தற புத்தி இருக்கணும்!

அதுக்காக நாட்டுப்புறப் பாட்டெல்லாமே அலையுதுன்னு சொல்லிட முடியாது, தாலாட்டு தூளிய விட்டு நகராது, ஒப்பாரியும் உக்காந்த எடத்துலதான். ஆனா அந்தத் தாலாட்டுலயும் மாமன் மட்டும் எங்கயாவது சீமைக்குப் போயி ஏதாச்சும் வாங்கிட்டு வந்துக்கிட்டேதான் இருப்பான், கவனிச்சிருக்கீங்களா?

இங்க 1973லேருந்து பூச ஊர்வலத்துல ரோட்டுல வாத்தியம் வாசிக்க தடை இருந்துச்சு, 2016லதான் வழியில மூணு எடத்துல நேரடி இசைக்கு விட்டாங்க. நடுவுல அத்தன வருஷம் வாய்தான் மேளம். எங்க மாமா பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கையத் தட்டி வாயாலயே தகிட போட்டுட்டு வருவாரு, கோயில் வாசல்ல க்யூ நின்னாலும் அவரு கால் நிக்காது. "வந்தாச்சுங்க, சும்மா நில்லுங்க"ன்னு அத்தை வேட்டியப் பிடிச்சு இழுக்கும்.