காரில் 1200 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டும் பேஸ் கரகரக்கிறது, இன்னும் பெரியது வாங்கலாமா?

வேண்டாம். முதலில் அந்த ஆம்பில் செருகியிருக்கும் ஃபியூஸில் என்ன நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். மேலே பளபளவென்று எழுதியிருக்கும் 1200-ஐ நம்பித்தான் நானும் ஏமாந்தேன். உங்களுக்கும் ஆம்ப், கேபிள், பெட்டி, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே பில்லாகத்தான் போட்டிருப்பார்கள்.

என்னுடையதில் 25 ஆம்பியர் ஃபியூஸ். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் என்று தாராளமாகவே வைத்தாலும் 25 × 14.4 = 360 வாட்ஸ். அவ்வளவுதான் உள்ளேயே போகிறது. இது கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப், அதில் ஏறக்குறைய பாதியைச் சூடாகவே தீர்த்துவிடும், ஸ்பீக்கருக்கு வந்து சேர்வது 180, மிஞ்சிப்போனால் 200. ('ஃபியூஸ் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும், கிளாஸ் டி என்றால் 80 சதவீதம் வரை கிடைக்கும்' என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. எப்படிப் பார்த்தாலும் 1200 வராது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, கணக்கெழுதிப் பிழைப்பவன், அதனால்தான் இந்தக் கணக்கு இடித்தது.)

என் சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) எரிந்தேபோனது, ஆனால் என் கையில் இல்லை. மச்சான் ஒரு கல்யாணத்துக்காகத் திருவண்ணாமலைக்கு வண்டியை வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது பெட்ரோல் ரிசர்வில், ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் இல்லை, சீட்டில் குங்குமம். இதையெல்லாம் கேட்டால் "வண்டியக் குடுத்துட்டு கணக்கு பாக்குறாரு" என்று வீட்டில் எனக்குத்தான் கெட்ட பெயர். அது கிடக்கட்டும். டிக்கியைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை. கோனை விரலால் அமுக்கினால் சரசரவென்று உரசுகிறது. கழற்றிப் பார்த்தால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "வாட்ஸ் பத்தல சார், அதான் கிளிப் ஆகி எரிஞ்சிருச்சு, 2000 போட்டுரலாம்." கிளிப் ஆனது உண்மை. மருந்துதான் தப்பு. தன்னால் தர முடிந்த வோல்டேஜுக்கு மேல் கேட்டால் ஆம்ப் என்ன செய்யும், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். முழுக்கத் தட்டையாகிச் சதுர அலையானால் அதே உயரமுள்ள சைன் அலையைப் போல இரண்டு மடங்கு பவர். 200 வாட்ஸ் தாங்கும் சுருளின் மேல் 400-ஐ நோக்கி ஏற்றினால் அது கருகாமல் என்ன செய்யும். ஆக, வாட்ஸ் பத்தாமல் எரியவில்லை, கூடிப்போய் எரிந்தது. ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) 50 × 4, அதாவது நாலு சேனலுக்கும் 50 வாட்ஸ், என்று போட்டிருப்பதும் இந்த வித்தைதான்: 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4 ஓம்ஸால் வகுத்தால் 51 சொச்சம், அதாவது முழுக்க வெட்டுப்பட்ட சதுர அலைக் கணக்கு. சுத்தமாக வருவது சேனலுக்கு 20 வாட்ஸ் அளவுதான்.

என் வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. கேபிளைச் சீவிப் பார்த்தேன். மேலே தடியான ரப்பர், உள்ளே கம்பி ரீஃபில் தடிமன்தான், அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரியில் 14.1, ஆம்ப் முனையில் பேஸ் அடிக்கும்போது 11.4. பவர் வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறி இறங்கும் என்பதால் அங்கேயே மூன்றில் ஒரு பங்கு போச்சு. வோல்டேஜ் குறைந்ததால் அலை சீக்கிரமே தலையில் இடிக்கிறது, சீக்கிரமே கிளிப் ஆகிறது. இதோடு மச்சான் பேஸைத் தூக்கும் பேஸ் பூஸ்ட் குமிழை முழுசாக, 12 டெசிபெலுக்குத் திருகி வைத்திருந்தான். 12 டெசிபெல் என்றால் அந்த பேஸ் ஒலிக்குக் கிட்டத்தட்ட 16 மடங்கு பவர் கேட்கிறோம் என்று அர்த்தம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. முழுச் செம்பு 4 கேஜ் கேபிள் போடுங்கள், எர்த்தையும் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பிடியுங்கள். சப் வயரைக் கழற்றிவிட்டு, பூஸ்டை சைபரில் வைத்து, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓம்ஸில் 150 வாட்ஸ் வேண்டுமென்றால் 150 × 4 = 600, அதன் வர்க்கமூலம் 24.5 வோல்ட். ஆம்பில் உள்ள கெயின் குமிழைத் திருகி, அந்த வோல்ட் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அது வால்யூம் குமிழ் இல்லை, ஹெட் யூனிட் அனுப்புவதற்கு ஆம்பைப் பொருத்துவது மட்டும்தான். ஆம்பை மாற்றவே மாற்றாமல் எனக்குக் கரகரப்பு நின்றது, ஒரு புது சப்புக்கும் கேபிளுக்கும்தான் செலவு. 2000 வாட்ஸ் ஆம்ப் நிஜமாகவே இரண்டு மடங்கு தந்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு லேசாகத்தான் தெரியும்.

கெயின், பூஸ்ட் இரண்டு குமிழின் மேலும் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். போன வாரம் மச்சான் மறுபடி வண்டி கேட்டான்.