ப்ராக்கில் ஒரே நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி

குன்றின் மேல் இருக்கும் ப்ராக் கோட்டையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், விடாதீர்கள். நெருடோவா தெரு வழியாக ஏறினால்தான் மூச்சு வாங்கும். 22ஆம் எண் டிராமில் 'ப்ராஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வாசல் வரை கிட்டத்தட்ட சமதளம்தான். டிராமில் ஏறியதும் டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த மறக்காதீர்கள். நான் மறந்து அபராதம் கட்டியவன்.

உள்ளே நேராக புனித விட்டஸ் தேவாலயம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். காலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்து தரையில் சிவப்பும் நீலமுமாகப் பரவும்போது, அங்கேயே ஒரு பெஞ்சில் அம்மாவை உட்கார வையுங்கள். என் அம்மா அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை!

சார்லஸ் பாலம் அரை கிலோமீட்டர்தான், ஆனால் கல் பாவிய தரை காலை வாங்கிவிடும். பத்து மணிக்கு மேல் கூட்டம் வேறு. பாதி தூரம் போய், புனித நெபோமுக் சிலையடியில் எல்லோரும் தடவித் தடவிப் பளபளத்துக் கிடக்கும் வெண்கலப் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை.

பழைய நகர மண்டபக் கோபுரத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்துக்காக வெகுநேரம் நின்று காத்திருக்க வேண்டாம். எலும்புக்கூடு பொம்மை மணியடித்து, சேவல் கூவி, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, மேலே போய் ஊரைப் பாருங்கள். அப்புறம், அம்மாவுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ. செருப்பு கூடவே கூடாது.