“எனக்கும் அந்த நாற்காலிதான்!”

கேள்வி: நான் ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என்னோடு வேலை செய்யும் பையனுக்கு 22 வயது. அபொரிஜினல், அதாவது இந்த நாட்டின் பூர்வகுடி, அரண்டா இனம். ஃபுட்டி (இந்த ஊர்க் கால்பந்து) பிரமாதமாக ஆடுவான். போன வருஷம் டைப் 2 சுகர் என்று தெரிந்தது. மூன்று மாதம் மாத்திரை போட்டான், அப்புறம் நிறுத்திவிட்டான். அவன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நாற்காலியில் உட்கார வைத்து டயாலிசிஸ் நடக்கிறது. “எனக்கும் அந்த நாற்காலிதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். என் அப்பாவுக்கும் சுகர் என்பதால், சாப்பாட்டு நேரத்தில் வெந்தயம், பாகற்காய் என்று தெரிந்ததைச் சொன்னேன். கோக்கை விடு என்றேன். மறுநாளிலிருந்து வேறு மேஜைக்குப் போய்விட்டான். நான் செய்தது தப்பா?
- பெயர் வேண்டாம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

பதில்: தம்பி, எனக்கு 20 வருஷமாகச் சுகர். கல்யாணப் பந்தியில் நான் ஜாங்கிரி பக்கம் திரும்பினாலே போதும், பக்கத்து இலைக்காரர் “உங்களுக்கு ஆகாதே” என்பார். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த கல்யாணத்தில் அவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு நான் வேறு வரிசைக்குப் போய்விடுவேன். உங்கள் நண்பன் செய்திருப்பதும் அதுதான்.

அவன் பாரம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அபொரிஜினல் மக்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘ஷேம்’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். நம் வெட்கம் மட்டுமில்லை அது. நாலு பேர் நடுவில் தன்னைத் தனியாக நிறுத்திக் காட்டிவிட்டார்களே என்று உடம்பு கூசுவது. கோக் பாட்டிலைக் காட்டி நீங்கள் பேசியபோது அதுதான் நடந்திருக்கும். ‘இவர்களுக்குச் சாப்பிடத் தெரியாது’ என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் வேறு.

சாப்பிடத் தெரியாதவர்களா? வேட்டையும் கிழங்குமாக இருந்த மக்களுக்கு கிறிஸ்தவ மிஷன்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் படியாக அளந்தது மைதா, சர்க்கரை, தேயிலை. நிலம் போனது, கூடவே சாப்பாடும் போனது. 1982இல் கெரின் ஓ’டே என்ற ஆராய்ச்சியாளர், மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி பக்கத்தில், சுகர் இருந்த அபொரிஜினல் மக்கள் 10 பேரோடு அவர்களுடைய பூர்வீக நிலத்துக்கே போனார். ஏழு வாரம் கங்காரு, மீன், காட்டுக்கிழங்கு, தேன் என்று தாங்களே தேடிச் சாப்பிட்டார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சுகர் 11.6இலிருந்து 6.6க்கு இறங்கியது. (அங்கே மில்லிமோல் கணக்கு. நம் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்குங்கள். உங்கள் அப்பா மீட்டரில் அது 210இலிருந்து 120 வாக்கில் இறங்கியதாகக் காட்டும். அவன் “எனக்குப் பதினொன்று” என்றால் ‘கம்மிதானே’ என்று நினைத்துவிடாதீர்கள்!) இப்போது வேலையை விட்டுவிட்டு யாரும் காட்டுக்குப் போக முடியாதுதான். ஆனால் சாப்பாடு விஷயத்தில் நீங்கள் வெந்தயத்தோடு அவனுக்குப் பாடம் எடுக்கப் போவதற்கு முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி அந்த நாற்காலி. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான். மத்திய ஆஸ்திரேலியாவின் தொலைதூரக் குடியிருப்புகளில், 2018-19 கணக்குப்படி, 20 வயது தாண்டிய அபொரிஜினல் மக்களில் 100க்குக் கிட்டத்தட்ட 40 பேருக்குச் சுகர். டயாலிசிஸுக்காக ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்தவர்கள் ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். பிண்டுபி என்ற அபொரிஜினல் இனத்து ஓவியர்கள் 2000இல் தங்கள் ஓவியங்களைச் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, தங்கள் ஊரான கின்டோரிலேயே டயாலிசிஸ் வரும்படி செய்தார்கள். அங்கே அந்த நாற்காலி வீட்டு விஷயம், ஊர் விஷயம்.

இளம் வயதில் வரும் டைப் 2 கொஞ்சம் வேகமாகப் போகும், சிறுநீரகத்தைச் சீக்கிரம் பதம் பார்க்கும். இதை மறைக்க வேண்டாம். ஆனால் அவன் பாட்டிக்கு 22 வயதில் கிடைக்காதது ஒன்று இவனுக்குக் கிடைக்கிறது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒரு சின்னப் பரிசோதனையில் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம். சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போடும் மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. போட்டால்தான் வேலை செய்யும், அவ்வளவுதான்.

மாத்திரையை ஏன் நிறுத்தினான் என்று கேட்டீர்களா? என் ஊகம், வயிறு. முதலில் பெரும்பாலும் மெட்ஃபார்மின்தான் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு முதல் மாதம் பஸ்ஸில் ஏறவே பயம். ஃபுட்டி மைதானத்தில் ஒரு பையனுக்கு அப்படி வந்தால் யாரிடம் சொல்வான்? குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு போட்டு, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுதான் சிக்கல்.

அதற்கும் உங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. சென்ட்ரல் ஆஸ்திரேலியன் அபொரிஜினல் காங்கிரஸ் (நம் ஊர்க் காங்கிரஸ் இல்லை) 1973இலிருந்து அபொரிஜினல் மக்களே நடத்தும் அமைப்பு. அவர்களுடைய கிளினிக்கில் அவன் ஜனங்களே சுகாதாரப் பணியாளர்களாக இருப்பார்கள். ‘715’ என்று கேட்டால் வருஷாந்திர முழுப் பரிசோதனை இலவசம். மருந்துச் சீட்டுக்கும் அபொரிஜினல் மக்களுக்குத் தனிச் சலுகை உண்டு.

இன்னொன்று. உறவில் சாவு விழுந்தால் ‘சாரி பிசினஸ்’ என்று வாரக்கணக்கில் ஊருக்குப் போய்விடுவார்கள். துட்டி வீட்டுக்குப் போகாதே என்று நம்மிடம் சொன்னால் கேட்போமா? கிளம்பும்போது “மாத்திரை இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். ஓயாத தாகம், வாந்தி, திடீர் எடைக்குறைவு என்றால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இப்போதைக்கு, தனியாக இருக்கும்போது “அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு” என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் சுகர் பேச்சே வேண்டாம். கங்காரு வாலைத் தணலில் எப்படிச் சுடுவார்கள் என்று கேளுங்கள், ஃபுட்டி ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவனாக எடுத்தால், கிளினிக்குக்குக் காரில் கொண்டுவிடுகிறேன் என்று சொல்லலாம். பாகற்காய் டப்பாவை மட்டும் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தம்பி.